கட்டியின் ரத்தக் குழாயைத் தாக்கும் ஆராய்ச்சிக்குப் போகணுமாம் மகள்: எதில் சேர்ப்பது?

வணக்கம் ஐயா. ரத்தத்திலிருந்து எடுத்த செல்களைக் கொண்டே புற்றுநோய்க் கட்டியின் ரத்தக் குழாய்களைத் தாக்கும் ஆராய்ச்சிக்குப் போகணும் என்கிறாள் பிளஸ் டூ படிக்கும் மகள். "இதில் வேலை இருக்கிறதா, பேசாமல் நீட் எழுதச் சொல்லட்டுமா" என்கிறீர்கள் நீங்கள்.

அவள் ஆசை ஆகாயக் கோட்டை இல்லை. ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டி வளர, கட்டிக்குப் புது ரத்தக் குழாய்கள் வேண்டும். அவை முளைப்பதைத் தடுத்தால் கட்டியை அடக்கலாம் என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் எழுதியது 1971-இல். அந்த வழியில் வந்த பெவாசிசுமாப் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2004-இல். நடுவில் 33 ஆண்டுகள்! இந்தத் துறையின் வேகத்தை முதலில் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

ரத்தத்தில் ஓடும் மோனோசைட்டுகள் என்னும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை, கட்டியின் புதுக் குழாய்களைத் தேடிப் போய்ச் சேரும். இத்தாலியின் மிலான் நகர விஞ்ஞானிகள் ரத்த ஸ்டெம் செல்லில் (ரத்த அணுக்களை உருவாக்கும் தாய்ச் செல்) மரபணு ஏற்றி, அதிலிருந்து உருவாகும் அந்த மோனோசைட்டுகள் கட்டிக்குள் இன்டர்ஃபெரான் என்னும், கட்டியை எதிர்க்கும் புரதத்தைச் சுரக்கும்படி செய்தார்கள். எலிகளில் பலித்தது, பிறகு மூளைப் புற்றுநோயாளிகளிடமும் சோதனை தொடங்கியது.

நம் நாட்டிலும் இதை ஒட்டிய வேலை நடக்கிறது. வேலூர் சி.எம்.சி. வளாகத்து ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம், ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகளுக்கு அவர்களுடைய ரத்த ஸ்டெம் செல்லிலேயே மரபணு சேர்த்துச் செலுத்தியிருக்கிறது. நோயாளியின் வெள்ளை அணுக்களில் மரபணு ஏற்றிப் புற்றுநோயைத் தாக்க வைக்கும் கார்-டி செல் சிகிச்சை மும்பை ஐ.ஐ.டி.யில் உருவானது; அதற்கு 2023-இல் அனுமதி கிடைத்தது. இரண்டுக்கும் இலக்கு ரத்தக் குழாய் இல்லை. ஆனால் செல்லைப் பிரிப்பது, மரபணு ஏற்றுவது, கிருமி படாமல் வளர்ப்பது, தரம் பார்ப்பது எல்லாம் அதே கைவேலைதான். பி.எச்டி. இல்லாமலும் இதில் வேலைக்குப் போகலாம்.

"ஸ்டெம் செல்", "ரீஜெனரேட்டிவ் மெடிசின்" என்று பெயர் வைத்த இளநிலைப் படிப்புக்கு மட்டும் நன்கொடை கட்டாதீர்கள். நல்ல அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. உயிர்வேதியியலோ விலங்கியலோ கிடைத்தால் அதுவே மேல். ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத் தேர்வையும் எழுதட்டும். எம்.எஸ்சி.க்கு ஜாம் (JAM) அல்லது கேட்-பி (GAT-B) நுழைவுத் தேர்வு, பிறகு பி.எச்டி.க்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் தகுதி) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. பி.எச்டி. முடிய வயது 28 ஆகிவிடும். அதற்குள் கல்யாணப் பேச்சை எடுக்காத அப்பாவை நான் அதிகம் பார்த்ததில்லை!

நீட்டும் எழுதட்டும். எம்.பி.பி.எஸ். முடித்து ரத்தவியல் பக்கம் வந்து இதே ஆராய்ச்சி செய்பவர்கள் உண்டு. ஆனால் மார்க் குறைந்தால் கட்டாயப்படுத்தி ரிப்பீட்டர் வகுப்பில் உட்கார வைக்க வேண்டாம்.

அவள் பயோ-மேத்ஸ் குரூப்பா, பியூர் சயின்ஸா என்று நீங்கள் எழுதவில்லை. ஐசர் தேர்வின் 60 கேள்விகளில் 15 கணிதம். கணிதம் எடுக்காதவர்களும் எழுதலாம்தான், ஆனால் அந்த 15-க்கு இப்போதே தனியாகப் படிக்கத் தொடங்க வேண்டும்.