பெட்டியின் உள்மூடி

அன்புள்ள ஐயா,

என் மகன் அக்னிவீராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. பயிற்சி மையத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போனைக் கையில் கொடுக்கிறார்கள். ஓட்டம், குளிர், சாப்பாடு எதையும் அவன் குறை சொல்லவில்லை. "அம்மா, இங்க தனியா இருக்க அஞ்சு நிமிஷம் கிடையாது. பெட்டியைக்கூடத் திறந்து பார்க்கிறாங்க" என்றான். வீட்டில் தன் மேசை டிராயரை யாரையும் தொடவிடாத பிள்ளை. ஒழுங்குக்கு இவ்வளவும் தேவையா? அவனுக்கு நான் என்ன சொல்வது? நீங்கள் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

க., வேலூர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனின் பெட்டியை எனக்கு நன்றாகத் தெரியும். கறுப்புப் பெயிண்ட் அடித்த தகர டிரங்க், மேலே வெள்ளை எழுத்தில் நம்பரும் பெயரும். நான் பத்தொன்பது வயதில் ரெக்ரூட்டாகப் போனபோது எங்கள் பேரக்கில் நாற்பது கட்டில்கள். இரண்டு கட்டிலுக்கு நடுவில் ஒரு ஆள் திரும்பி நிற்கலாம், அவ்வளவுதான். ராத்திரி கொசுவலைக்குள் போன பிறகு கொஞ்சம் மூச்சு வரும். வலைக்குள் இருப்பவன் எல்லோர் கண்ணுக்கும் தெரிவான். ஆனாலும் அதைத் தூக்கிப் பார்த்து யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். அது எழுதாத சட்டம்.

பெட்டியைத் திறந்து பார்ப்பது அவசியம். நாற்பது பேர் ஒரே கூடத்தில் படுக்கும்போது ஒருவனுடைய ஈரத்துணி, ஒருவனுடைய படர்தாமரை, ஒருவன் ஒளித்துவைத்த சாப்பாட்டுக்கு வரும் எலி, எல்லாமே எல்லோருக்கும் சொந்தம். ஃபயரிங் முடிந்து திரும்பும்போது ஒவ்வொருவனும் 'என்னிடம் தோட்டாவோ காலிக் கூடோ இல்லை' என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். ஒரே ஒரு தோட்டா பேரக்குக்குள் வந்துவிட்டால் அங்கே யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. போனும் அப்படித்தான். 2018 ஜனவரியில், ஓட்டப் பயிற்சியைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா என்ற செயலியின் உலக வரைபடத்தில், சிப்பாய்கள் காலையில் ஓடிய தடங்களே ராணுவ முகாம்களின் எல்லைகளைக் கோடு கோடாகக் காட்டிக்கொடுத்தன. ரகசியத்தை விற்கும் எண்ணம் யாருக்கும் இல்லை, உடம்பைத் தேற்றிக்கொள்ளத்தான் ஓடினார்கள். நம் ராணுவம் 2020இல் 89 செயலிகளை நீக்கச் சொன்னபோது ஒரு அதிகாரி டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு தள்ளுபடியானது. அரசியல் சட்டத்தின் 33ஆவது பிரிவே படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. சேரும்போதே நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருவதில் இதுவும் ஒன்று.

ஆனால் எங்கே நிறுத்துவது என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்க ராணுவ நீதிமன்ற விதிகளில் அதை எழுதியே வைத்திருக்கிறார்கள். படைப்பிரிவின் தயார்நிலைக்காக அதிகாரி எந்த அறையையும் பார்வையிடலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆளை மட்டும் குறிவைத்து, குற்றம் கண்டுபிடிக்கவே அந்தப் பார்வையிடலைச் சாக்காக வைத்தால், கிடைத்த பொருள் வழக்கில் நிற்பது கஷ்டம். இது எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது. நாற்பது பெட்டியும் திறந்தால் அது இன்ஸ்பெக்‌ஷன். உங்கள் மகனுடைய பெட்டி மட்டும் திரும்பத் திரும்பத் திறந்தால் அதற்கு வேறு பெயர்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நாள் கிட் பரிசோதனையின்போது என் பெட்டியில் அக்கா எழுதிய கடிதம் இருந்தது. வீட்டில் கடன் தகராறு, அப்பா யாரோடும் பேசுவதில்லை என்றெல்லாம் எழுதியிருந்தாள். பயிற்சி தந்த உஸ்தாத் அதை எடுத்து, தமிழ் தெரிந்த இன்னொருவனிடம் கொடுத்து, எல்லோர் முன்னாலும் உரக்கப் படிக்கச் சொன்னார். முப்பத்தொன்பது பேர் கேட்டார்கள். படித்தவன் என் நண்பன். பாதியில் அவன் குரல் உடைந்துவிட்டது. அந்தக் கடிதத்தால் யாருடைய பூட்ஸும் பளபளப்பாகவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான் வீட்டிலிருந்து வந்த எந்தக் கடிதத்தையும் வைத்துக்கொள்ளவில்லை. படித்ததும் கிழித்துவிடுவேன். இன்றும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அப்புறம் யூனிட்டுக்குப் போனபோது பாலக்காட்டுக்காரர் ஒருவர் ஹவில்தாராக இருந்தார். எங்கள் பெட்டிகளை அவரைப்போலத் துருவிப் பார்த்தவர் கிடையாது. சோப்பு டப்பாவைக்கூட முகர்ந்து பார்ப்பார். ஆனால் மூடியின் உள்பக்கம், நாங்கள் சாமி படமும் அம்மா படமும் ஒட்டிவைத்திருந்த இடத்தை, அவர் கண் தொடவே தொடாது. குனிந்தபடியே பார்த்து, குனிந்தபடியே மூடுவார். அவர் வருவதற்கு முந்தின ராத்திரி நாங்கள் யாரும் சொல்லாமலே எழுந்து துடைப்போம். பின்னாளில் நானும் நாயக் பதவிக்கு உயர்ந்து பிள்ளைகளின் பெட்டியைப் பார்த்தபோது அதே மாதிரி குனிந்துதான் பார்த்தேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், மனைவியோடு வாழ அனுமதி கிடைத்த சிப்பாய்க்கு, அதே கூடத்தின் மூலையில் ஒரு கம்பளியைத் தொங்கவிட்டுக்கொள்வதுதான் வீடு. அந்தக் கம்பளிக்குப் பின்னால் பிள்ளை பெற்றார்கள். ரஷ்யாவோடு நடந்த கிரிமியப் போருக்குப் பிறகு கமிஷன் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சண்டையே இல்லாத நாளிலும் பேரக்கில் இருந்தவர்கள் வெளியில் இருந்த அதே வயது ஆண்களைவிட அதிகமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள் என்பது. அதன் பிறகு ஆளுக்கு 600 கன அடி காற்று வேண்டும் என்று வகுத்தார்கள். மனிதனுக்கு இடம் வேண்டும் என்று ராணுவங்கள் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டன.

சரி, ஞாயிற்றுக்கிழமை அவனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எல்லோர் பெட்டியையும் திறந்தார்களா, உன்னுடையதை மட்டுமா? எல்லோருடையதையும் என்றால், பொறுத்துக்கொள், பயிற்சி முடியட்டும் என்று தைரியம் சொல்லுங்கள். அவனுடையதை மட்டும் என்றாலோ, கடிதத்தைப் படித்தார்கள், கேவலப்படுத்தினார்கள் என்றாலோ, அவன் மேலே சொல்லலாம். ராணுவச் சட்டம் 1950இன் 26ஆவது பிரிவு, தனக்கு அநியாயம் நடந்ததாக நினைக்கும் ஜவான் தன் கமாண்டிங் அதிகாரிவரை புகார் கொண்டுபோக வழி தருகிறது. அதைக் கோழைத்தனம் என்று அவனிடம் யாராவது சொன்னால், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. போனில் அனுப்பும் படம் போனோடு போய்விடும். உங்கள் படம் ஒன்றைப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்புங்கள். மூடியில் ஒட்ட வேண்டும், அதனால் கையகலத்துக்கு மேல் வேண்டாம்.