போஹீமியன் வீட்டுக்கு மூன்று வருடத் தவணையா?

கேள்வி: போன மாதம்தான் வாடகை வீடு மாறினேன். மூன்று வருட ஒப்பந்தம். பல நிறமும் பல வகைப் பொருளும் கலந்த போஹீமியன் பாணியில் வீட்டை அலங்கரிக்க வேண்டும் என்பது நீண்ட நாள் ஆசை. அலங்கார நிபுணர் ஒருவர் பிரம்பு நாற்காலி, கிலிம் என்னும் தட்டை நெசவு விரிப்பு, மக்ரமே என்னும் முடிச்சுக் கயிற்றுத் தொங்கல், செடிகள், சுவர்க் காகிதம் எல்லாம் சேர்த்துக் கொடுத்த மதிப்பீடு என் 4 மாதச் சம்பளம். 15 சதவீத வட்டியில் 3 வருடத் தனிநபர் கடன் கிடைக்கிறது. இல்லையென்றால், அவசரத்துக்கு வைத்திருக்கும் ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்துவிட்டு, மீதியைக் கடையின் 'வட்டியில்லாத் தவணை'யில் போடலாம். எது நல்லது?

பதில்: இரண்டுமே வேண்டாம். அலங்காரமே வேண்டாம் என்று சொல்லவில்லை, அவசரம்தான் வேண்டாம்.

முதலில் கடன் கணக்கு. 15 சதவீதத்தில் 36 மாதம் கட்டினால், 100 வாங்கிய இடத்தில் சுமார் 125 திருப்பிக் கட்டுவீர்கள். உங்கள் கடன் 4 மாதச் சம்பளம் என்பதால், வட்டிக்கு மட்டும் ஏறக்குறைய ஒரு முழு மாதச் சம்பளம் போய்விடும். மாதத் தவணை சம்பளத்தில் 14 சதவீதம் வரும். அதே 14 சதவீதத்தை நீங்களே எடுத்து வைத்துக்கொண்டு வந்தால், 29 மாதத்தில் முழுத் தொகையும் கையில் இருக்கும். கடைசித் தவணை கட்டும்போது வீட்டு ஒப்பந்தமும் முடிந்திருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

'வட்டியில்லாத் தவணை' இன்னும் தந்திரமானது. மொத்தமாகக் கொடுத்தால் என்ன தள்ளுபடி என்று கடையில் கேட்டுப் பாருங்கள். 10 சதவீதம் என்றால், 90-க்குக் கிடைக்கும் பொருளுக்கு 12 மாதத்தில் 100 கட்டுகிறீர்கள். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு சுமார் 20 சதவீத வட்டி. தனிநபர் கடனே பரவாயில்லை! இதற்கு மேல் செயலாக்கக் கட்டணம் என்று ஒன்று தனியாக வரலாம். டெபாசிட்டைப் பற்றி ஒரே வரி: வேலை போனால் தொங்கலை அவிழ்த்து வாடகை கட்ட முடியாது.

சரி, இப்போது அந்த மதிப்பீட்டுத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பேனாவால் பிரியுங்கள். சுவரிலும் கூரையிலும் ஒட்டிக்கொள்பவை ஒரு பக்கம், வீடு மாறும்போது கூடவே வருபவை இன்னொரு பக்கம். சுவர்க் காகிதம், பதித்த அலமாரி, கூரைக் கொக்கி எல்லாம் வீட்டு உரிமையாளருக்கு நீங்கள் தரும் பரிசு. அதையும் அவர் வேண்டாம் என்று சொல்லக்கூடும். நானே பட்டிருக்கிறேன். ஆசைப்பட்டு ஒரு தொங்கும் பிரம்பு நாற்காலி வாங்கிக் கூரையில் கொக்கி அடித்தேன். காலி செய்தபோது ஓட்டையை அடைக்கும் செலவு முன்பணத்தில் கழிந்தது. புதிதாகக் குடிபோன வீட்டின் கூரையில் கொக்கி அடிக்க வழியில்லை. நாற்காலி இப்போது உடைந்த முட்டை ஓடு மாதிரி தரையில் கிடக்கிறது, துவைத்த துணிகளைச் சுமந்துகொண்டு.

கூடவே வருபவற்றில் பணத்தைப் போடலாம், ஆனால் பார்த்துப் போட வேண்டும். உங்கள் பட்டியலில் நான் முதலில் வாங்கச் சொல்வது கிலிம் விரிப்பு. கைத்தறியில் நெய்த நல்ல கிலிம் பல வருடம் உழைக்கும், சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போகலாம், விற்றாலும் ஏதாவது தேறும். வாங்கும்போது திருப்பிப் பாருங்கள்: பின்பக்கமும் முன்பக்கம் போலவே வடிவம் தெளிவாக இருக்க வேண்டும். குஞ்சத்தை விரலால் பிடித்துப் பாருங்கள். விரிப்பின் நீளவாட்டில் ஓடும் பாவு நூலே நீண்டு வந்து குஞ்சமானால் பெரும்பாலும் கைநெசவு. தனியாகத் தைத்து ஒட்டியிருந்தால் பெரும்பாலும் இயந்திரம். அச்சிட்ட விரிப்புக்கு நெய்ததன் விலை கொடுப்பதைவிடப் பெரிய நஷ்டம் இந்தப் பட்டியலில் இல்லை. பிரம்பிலும் இதே கதைதான். பிரம்பு உள்ளே கெட்டியாக இருக்கும், மூங்கில் கூடாக இருக்கும். பிரம்பு மாதிரி பின்னிய பிளாஸ்டிக்கும் நிறைய வருகிறது. எதை வாங்கினாலும் சரி, பெயர் தெரிந்து வாங்குங்கள்.

மக்ரமேக்கும் செடிக்கும் மதிப்பீட்டில் போட்டிருக்கும் தொகையை அப்படியே அடித்துவிடலாம். மக்ரமே என்பது பருத்திக் கயிறும் நாலைந்து வகை முடிச்சும்தான். தொங்கும் ஒவ்வொரு இழைக்கும் தொங்கலின் நீளத்தைப் போல நாலைந்து மடங்கு கயிறு வேண்டும். இரண்டு விடுமுறை நாட்களில் பழகிவிடும். மணி பிளாண்டின் தண்டைக் கணுவுக்குக் கீழே வெட்டித் தண்ணீர்ப் பாட்டிலில் வைத்தால் வேர் விடும். (என் பண ஆலோசனைத் தொழிலில் உத்தரவாதம் கொடுத்து நான் பரிந்துரைக்கும் ஒரே வளர்ச்சித் திட்டம் இது. வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், இலை அவற்றுக்கு ஆகாது.)

ஒரு எச்சரிக்கை. 1769-இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் டிடரோ தன் பழைய அங்கியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். புதிதாக வந்த பகட்டான அங்கிக்குப் பக்கத்தில் அறையில் இருந்த எல்லாமே அழுக்காகத் தெரிய, ஒவ்வொன்றாக மாற்றிக் கடைசியில் அங்கிக்கே அடிமையானேன் என்கிறார். அப்படி அவர் அறையை விட்டு வெளியேறியவற்றில் ஒன்று வைக்கோல் நாற்காலி. அந்த இடத்துக்குத் தோல் நாற்காலி வந்தது. இன்று நீங்கள் கடன் வாங்கி வாங்க நினைப்பது கிட்டத்தட்ட அந்த வைக்கோல் நாற்காலியைத்தான்! 19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் போஹீமியன் என்று பெயர் வாங்கிய கலைஞர்களில் பலர் வாடகைக்கே திண்டாடியவர்கள். கிடைத்ததைச் சேர்த்து வைத்ததால் வந்த தோற்றம் அது. ஒரே நாளில் ஒரே லாரியில் வந்து இறங்கினால் அது கடையின் காட்சியறை மாதிரித்தான் இருக்கும்.

ஆகவே மாதம் சம்பளத்தில் 7 சதவீதத்தை, அதாவது அந்தத் தவணையில் பாதியை, தனிக் கணக்கில் போடுங்கள். அவசர நிதி இப்போது 3 மாதச் செலவுக்குத்தான் இருக்கிறதா, அது 6 மாதத்துக்கு வளரும்வரை மிச்சப் பாதி அங்கே போகட்டும். முதல் இரண்டு மாதம் எதையும் வாங்காதீர்கள். காலை வெயில் எந்த மூலையில் விழுகிறது, மாலையில் நீங்கள் எங்கே போய் உட்காருகிறீர்கள் என்று தெரிந்த பிறகு விரிப்பின் அளவு தானாகத் தெரியும். நாற்காலியை நேர்வெயில் படாத மூலையில் போட வேண்டும், பிரம்பு காய்ந்து வெடிக்கும்.

அப்புறம், அந்த நிபுணரை ஒதுக்கிவிடாதீர்கள். பொருள் இல்லாமல், நிறங்களுக்கும் அமைப்புக்கும் ஒரு வரைபடம் மட்டும் தர என்ன கட்டணம் என்று கேளுங்கள். அந்தத் தொகையைச் சொன்னால், கொடுக்கலாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.