முதலாவதாக வந்த கம்பனி – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

நான் முல்லைத்தீவில் உயர்தரம் வணிகப் பிரிவில் படிக்கிறேன். வீடு அளம்பில் பக்கம். அப்பா பைபர் படகில் தொழில் செய்கிறார். கூட்டுறவுச் சங்கத்துக் கணக்குப் புத்தகங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை எங்கள் கணக்கியல் ரீச்சர் வகுப்பில் வாசித்துக் காட்டினார். அதனால்தான் உங்களிடம் கேட்கலாம் என்று நினைத்தேன்.

போன மாதம் ஒரு செயலமர்வில் பிஷ் பாங்க்ஸ் என்ற விளையாட்டை விளையாட விட்டார்கள். ஐந்து குழுக்கள், குழுவுக்கு ஒரு மீன்பிடிக் கம்பனி. ஒரு சுற்று என்றால் ஒரு வருடம். கப்பல் வாங்கலாம், விற்கலாம், புதிதாகக் கட்டக் கொடுக்கலாம். எத்தனை கப்பலை ஆழ்கடலுக்கு விடுவது, எத்தனையைக் கரையோரத்துக்கு விடுவது, எத்தனையைத் துறைமுகத்தில் கட்டி வைப்பது என்பதை நாங்களே தீர்மானிக்க வேண்டும். கடைசியில் யாரிடம் சொத்து அதிகமோ அவர்களுக்கு வெற்றி. முதல் மூன்று நான்கு வருடம் காசு கொட்டியது. ஏழாம் வருடம் கப்பல்கள் வெறுமையாக வந்தன. எங்கள் குழுதான் முதலாவது. ஆனால் எங்கள் வங்கிக் கணக்கும் கடனில்தான் நின்றது; மற்றவர்களின் கடன் இன்னும் பெரிது, அவ்வளவுதான். திரும்ப ஒருமுறை விளையாடினோம். அதே கதை.

படித்ததை எல்லாம் சரியாகத்தான் செய்தோம். லாபத்தை மீண்டும் முதலீடு செய்தோம், போட்டிக் கம்பனியைக் கவனித்தோம், செலவையும் பார்த்தோம். எங்கே பிழைத்தது? அப்பாவிடம் சொன்னால், "இதைச் செய்தவன் கடலைக் காணாதவன்" என்றுவிட்டு வலை பொத்தப் போய்விட்டார். அவர் சொல்வது சரியா ஐயா?

(பெயரைப் போடவேண்டாம்.)

*

அன்புள்ள பிள்ளைக்கு,

அப்பா சொன்னது பாதி சரி. அந்தப் பாதிக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் உங்கள் கப்பல்களைப் பார்ப்போம்.

இந்த விளையாட்டை உருவாக்கியவர் டெனிஸ் மெடோஸ் என்ற அமெரிக்கர். உலகின் வளர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு என்று சொல்லி 1972இல் பெரிய வாக்குவாதத்தைக் கிளப்பிய ஆய்வறிக்கை ஒன்று உண்டு. அந்தக் குழுவை நடத்தியவர் இவர்தான். அறிக்கை எழுதினால் ஆட்கள் சண்டை பிடிப்பார்களே தவிர விளங்கிக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, பிற்பாடு ஆட்களை மேசையைச் சுற்றி இருத்தி ஆளுக்குக் கொஞ்சம் கப்பல்களைக் கொடுத்துவிட்டார். இப்போது அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவப் பள்ளி அதை இணையத்தில் விளையாடும்படி வைத்திருக்கிறது. பல நாடுகளில் முகாமைத்துவம் படிப்பவர்களும் பெரிய உத்தியோகக்காரர்களும் இதை விளையாடி, பெரும்பாலும் உங்களைப் போலவே கடலைக் காலி செய்துவிட்டுத்தான் எழும்பியிருக்கிறார்கள். ஆகவே வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்கள் பிழை எங்கே? ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் என்னுடையவை, விளங்குவதற்காக மட்டும். ஒரு வருடம் 20 கப்பல், கப்பலுக்கு 25 தொன், மொத்தம் 500 தொன். அடுத்த வருடம் 30 கப்பல், கப்பலுக்கு 20 தொன், மொத்தம் 600. உங்கள் குழு 600ஐப் பார்த்துக் கைதட்டியிருக்கும். நான் கப்பலுக்குக் கிடைத்த அந்த 20 தொன்னைப் பார்த்திருப்பேன். மொத்தப் பிடி கூடிக்கொண்டே போகும்போது ஒரு கப்பலுக்குக் கிடைப்பது குறைகிறது என்றால், புதுக் கப்பல் கொண்டு வருவதில் ஒரு பங்கு பழைய கப்பலின் பிடிதான். பக்கத்துக் கம்பனியின் பிடியும் அதற்குள் இருக்கும்.

ஆனால் அந்த 20 தொன் உங்களைப் பயமுறுத்தியிருக்காது. ஏனென்றால் விளையாட்டில் காலநிலை என்று ஒன்று உண்டு. வருடத்துக்கு வருடம் பிடியைக் கொஞ்சம் கூட்டும், குறைக்கும். "இந்த முறை காலநிலை சரியில்லை" என்று யாரோ ஒருவர் உங்கள் குழுவில் கட்டாயம் சொல்லியிருப்பார்.

நான் சொல்லியிருக்கிறேன். விளையாட்டில் இல்லை, கடற்றொழிலாளர் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில். மீள்குடியேறி வந்த புதிதில் எல்லோரும் படகுக்கும் எஞ்சினுக்கும் கடன் கேட்டார்கள். விண்ணப்பங்களை நிரப்பியது என் கைதான். வருட முடிவில் அறிக்கை எழுத வேண்டும். புத்தகத்தில் மொத்தப் பிடிக்கு ஒரு நிரல் இருந்தது, வருமானத்துக்கு ஒன்று, கடன் நிலுவைக்கு ஒன்று. ஒரு படகு ஒரு நாள் கடலுக்குப் போனால் எவ்வளவு கொண்டுவருகிறது என்பதற்கு நிரல் இல்லை. நானும் கோடு போட்டு ஒன்று சேர்க்கவில்லை. சிலருடைய தவணை பிந்தத் தொடங்கியபோது காரணம் என்ற கட்டத்தில் நான் எழுதிய சொல்: காலநிலை. வடிவான கையெழுத்தில் எழுதினேன். கேட்டவர்களும் தலையாட்டினார்கள். ஒரு முழுச் சங்கமும் நம்பிய காரணத்தை உயர்தர மாணவர்கள் நம்பியதில் என்ன பிழை?

விளையாட்டு இதற்கு மேல் இரண்டு பொறிகளை வைத்திருக்கிறது. கட்டக் கொடுத்த கப்பல் அடுத்த வருடம்தான் கைக்கு வரும். நல்ல வருடத்தைப் பார்த்து ஓடர் கொடுக்கிறீர்கள், அது மெலிந்த வருடத்தில் வந்து இறங்குகிறது. வந்த கப்பலைச் சும்மா கட்டி வைத்தாலும் செலவுதான், ஆகவே கடலுக்கு விடுகிறீர்கள். இரண்டாவது பொறி இதைவிட நுட்பமானது. கடல் நிறைய மீன் இருக்கும்போது புதிதாகச் சேர்வது கொஞ்சம். இடத்துக்கும் இரைக்கும் தட்டுப்பாடு. மீன் மிகவும் அருகிவிட்டாலும் சேர்வது கொஞ்சம். ஈன்று பெருக ஆளில்லை. நடுவில் எங்கோதான் மிக அதிகமாகப் பெருகும். வருடா வருடம் நிறையப் பிடித்துக்கொண்டே இருக்கக்கூடிய இடம் அதுதான். அந்த இடத்தைக் கடந்து போகும்போது மணி ஒன்றும் அடிக்காது. மீன் குறைகிற அளவுக்குப் பிடி உடனே குறையாது, கப்பல்கள் இருக்கிற மீனைத் தேடிப் பிடித்துவிடும். பிடி விழுந்தது கண்ணுக்குத் தெரியும்போது நடு இடம் எங்கோ பின்னால் போயிருக்கும்.

ஆகவே கப்பலுக்கு எவ்வளவு என்று பார்க்கும் என் கணக்கும் பிந்தித்தான் சொல்லும். ஒன்றுமே பார்க்காமல் இருப்பதைவிட அது மேல், ஆனால் அதை மட்டும் வைத்துக் கடலைக் காப்பாற்ற முடியாது. உங்கள் ஒரு கம்பனி விளங்கிக்கொண்டு கப்பல்களைக் கட்டி வைத்திருந்தாலும் மற்ற நான்கும் அந்த மீனை அள்ளியிருக்கும், நீங்கள் ஐந்தாவதாக வந்திருப்பீர்கள். வணிகக் கல்விப் புத்தகம் இந்த இடத்தில் கைவிட்டுவிடும். விதிகளில் கம்பனிகள் ஒன்றோடொன்று கதைக்கக்கூடாது என்று எங்கும் இல்லை. பேச்சுவார்த்தை அனுமதிக்கப்பட்ட ஒன்று. நடத்துபவர் விரும்பினால் அனுமதிப்பத்திரம், பிடி அளவுக் கட்டுப்பாடு ஆகியவற்றையும் கொண்டுவரலாம். நீங்கள் ஐந்து குழுவும் எந்த வருடத்தில் ஒன்றாக இருந்து கதைத்தீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பெரும்பாலும் ஆறாம் வருடமாக இருக்கும், அல்லது கதைக்கவே இல்லை. இரண்டாம் வருடம், கணக்கில் காசு இருக்கும்போது கதைக்க வேண்டும். கடனில் நிற்பவனிடம் கப்பலைக் கட்டி வை என்று சொல்லிப் பாருங்கள்.

கதைத்தால் போதுமா என்றால், எதைப் பற்றி என்பதும் முக்கியம். எங்கள் கரைகளில் கரைவலை இழுக்கும் இடத்துக்குப் பாடு என்று பெயர், உங்களுக்குத் தெரியும். ஒரே இடத்தில் பல வலைகள் இருந்தால் முறை வைத்து இழுப்பார்கள். இந்த முறையைப் பற்றி உலகம் அறிந்த ஓர் ஆய்வு தெற்கே தங்காலைப் பக்கம் மாவெல்ல என்ற கிராமத்தில் நடந்தது. எலினோர் ஒஸ்ட்ரம் அதைத் தன் ஆராய்ச்சியில் எடுத்துக்காட்டினார். பொதுவான வளங்களை மக்கள் தாங்களே எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று ஆராய்ந்ததற்காக 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். (அந்த ஒக்டோபரில் நான் செட்டிகுளத்தில், இடம்பெயர்ந்தோர் முகாமில் கூடாரத்துக்குள் இருந்தேன். தண்ணீருக்கு வரிசையில் நின்றதுதான் நினைவிருக்கிறது. பரிசுச் செய்தி பல வருடம் கழித்துத்தான் என்னிடம் வந்து சேர்ந்தது.)

மாவெல்லயில் முறை நேர்மையாகவே நடந்தது. எல்லா வலைக்கும் நல்ல நாளும் வரும், கெட்ட நாளும் வரும். ஆனால் முறைக்குள் நுழைய ஒரு வலை இருந்தால் போதும் என்பதால் வலைகள் கூடிக்கொண்டே போயின. இருக்கிற வலைகளே அங்கு வரும் மீனைப் பிடிக்கப் போதும் என்ற நிலையிலும் புது வலை கட்டினார்கள். புது வலைகளைத் தடுக்கச் சட்டம் இருந்தது, அரசியல் செல்வாக்கு அதைச் செல்லாததாக்கிவிட்டது. கடைசியில் ஆளுக்கு வருடத்தில் கிடைக்கும் முறைகள் தேய்ந்தன. ஏழ்மையைச் சமமாகப் பங்கிட்டார்கள் என்று சொல்வது கொஞ்சம் கடுமைதான். ஆனால் உங்கள் ஐந்து கம்பனிகளும் "ஆளுக்குச் சமமாகப் பிடிப்போம்" என்று மட்டும் கைகொடுத்திருந்தால் இதுவே நடந்திருக்கும். கப்பல்களின் எண்ணிக்கைக்கு முதலில் வரம்பு போடுங்கள். கப்பலை எண்ணலாம். அடுத்தவன் கடலுக்குள் என்ன பிடித்தான் என்பதை எப்படி எண்ணுவீர்கள்?

இனி அப்பாவின் பாதி.

விளையாட்டில் மீன் விலை அசைவதில்லை. இங்கே காலையில் கரையில் ஏலம் கூறும்போது ஒரு விலை, சூடை நிறையப் பட்ட நாளில் இன்னொரு விலை. போதாததற்கு, எஞ்சினுக்கோ வலைக்கோ முற்பணம் தந்த முதலாளிக்குத்தான் மீனைக் கொடுக்க வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. விளையாட்டு வங்கி வட்டி மட்டும்தான் கேட்கும், மீனைக் கேட்காது. செலவும் அங்கே நீங்கள் தொடக்கத்தில் வாசித்ததுதான். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. எஞ்சினுக்கு அதைத்தான் ஊற்றுகிறோம். அந்த வாரம் அப்பா கடலுக்குப் போனாரா என்று கேட்டுப் பாருங்கள். கப்பல் வாங்குவதும் அங்கே உங்கள் முடிவு. சுனாமிக்குப் பிறகு இலங்கையின் சில கரைகளில் அழிந்ததைவிட அதிகமான சிறு படகுகள் நிவாரணமாக வந்து இறங்கின. ஓடர் கொடுத்தவர்கள் ஒருநாளும் அந்தக் கடலில் வலை போட்டதில்லை.

இவற்றை எல்லாம் ஒரு நல்ல புரோகிராமர் சேர்த்துவிடலாம். சேர்க்க முடியாதது மேசை. உங்கள் விளையாட்டில் மீன் பிடிக்கிற எல்லோரும் ஒரே அறையில் இருந்தார்கள். கை நீட்டினால் தொடலாம். எங்கள் கடலில், கடலடியை வாரி இழுக்கும் அடிமட்ட இழுவைமடி 2017இல் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. எங்கள் ஆட்கள் இங்குள்ள அதிகாரிகளோடு கூட்டம் வைக்கிறார்கள், இந்தியக் கரையிலிருந்து வரும் ரோலர்கள், அதாவது இழுவைப் படகுகள், அந்தக் கூட்டத்தில் இல்லை. கொக்கிளாய், நாயாற்றுப் பக்கம் பருவத்துக்குத் தெற்கிலிருந்து வந்து வாடி (தற்காலிகக் குடில்) போட்டு மீன் பிடிப்பவர்களின் பதிவும் அனுமதியும் வேறெங்கோ நடக்கும் கதை. வெளிச்சம் பாய்ச்சிப் பிடிப்பவர்களைப் பற்றி எல்லோரும் கோபமாகக் கதைப்பார்கள். அதில் எங்கள் ஊர்ப் பொடியள் இல்லை என்று ஒருவரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். யார் யார் விளையாடுகிறார்கள் என்பதே தெரியாத விளையாட்டில் கப்பல் எண்ணிக்கைக்கு வரம்பு போட யாரிடம் போவது? அப்பா கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். அவர் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு வலை பொத்தப் போனார்.

இருந்தாலும் இந்த விளையாட்டை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அந்தக் காலத்தில் யாராவது என்னை இருத்தி இரண்டு மணித்தியாலம் இதை விளையாட விட்டிருந்தால் புத்தகத்தில் அந்த ஒரு நிரலையாவது சேர்த்திருப்பேன்.

உங்கள் ரீச்சரிடம் கேட்டு மூன்றாம் முறை விளையாடுங்கள். இந்த முறை ஒரு குழுவை வேறு அறையில் இருத்துங்கள், மற்றக் குழுக்கள் அவர்களோடு கதைக்க முடியாதபடி. அவர்களுடைய கப்பல் எண்ணிக்கையையும் ஒருவருக்கும் காட்டவேண்டாம். மற்ற நான்கு குழுவும் இரண்டாம் வருடத்திலேயே வரம்பு போடட்டும். எத்தனையாம் வருடம் வரை அந்த வரம்பு தாங்குகிறது என்று எழுதுங்கள். முடிந்தால் ஒரு கம்பனியை அப்பாவிடம் கொடுங்கள். வாடை தொடங்கிவிட்டால் எப்படியும் பல நாள் வீட்டில்தானே இருப்பார்.

அன்புடன்.