விடிந்தால் திங்கள்: கம்ப்யூட்டருக்கு எப்படிப் புரியவைப்பது?

கேள்வி: திருமண மண்டபத்துக்கு பி.எச்.பி என்ற நிரல்மொழியில் முன்பதிவு தளம் நடத்துகிறோம். சர்வர் வெளிநாட்டில் இருக்கிறது. காலை 9.15–க்குச் செய்த பதிவு 3.45 என்று தெரிந்ததால், எல்லாப் பக்கத்திலும் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினோம். சில மாதம் கழித்து ஒருவர் பி.எச்.பி–யின் நேர மண்டலத்தை இந்தியாவுக்கு மாற்றினார். இப்போது சில பதிவுகள் சரி, சில பதிவுகள் பிற்பகல் 2.45 என்கின்றன. ஏன்?
– வாசகர், திருமங்கலம்

பதில்: உங்கள் தளத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று பி.எச்.பி–யுடையது, மற்றது பதிவுகளைச் சேமிக்கும் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லுடையது. அவர் மாற்றியது முதல் கடிகாரத்தை மட்டும். அதனால் பி.எச்.பி எழுதும் நேரம் இப்போது 9.15 என்றே டேபிளில் ஏறுகிறது. அதோடு உங்கள் ஐந்தரை மணியும் சேர்ந்து 2.45 ஆகிறது. மைஎஸ்கியூஎல் தன் ‘நவ்’ கட்டளையால் எழுதுவது இன்னும் யூ.டி.சி, அதாவது இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம்தான். கூட்டியதும் சரியாகத் தெரிகிறது.

உறுதிப்படுத்திக்கொள்ள, ஒரே பக்கத்தில் பி.எச்.பி–யின் நேரத்தையும் மைஎஸ்கியூஎல்லின் ‘நவ்’ நேரத்தையும் அச்சிட்டுப் பாருங்கள். வித்தியாசம் துல்லியமாக 5.30 என்றால் நேர மண்டலக் கோளாறு. ஏழெட்டு நிமிடம் என்றால், டேட்டாபேஸ் வேறு சர்வரில் இருந்து, இரண்டில் ஒன்றின் கடிகாரமே பிசகியிருக்கிறது. லினக்ஸில் கடிகாரத்தைச் சரியாக வைக்கும் க்ரோனி சேவை ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

சரிசெய்ய, முதலில் பக்கங்களில் கூட்டிய ஐந்தரை மணியை எல்லா இடத்திலும் எடுத்துவிடுங்கள். பி.எச்.பி–யில் மண்டலம் ‘ஏசியா/கொல்கத்தா’ என இருக்கட்டும். டேட்டாபேஸ் இணைப்பு திறந்தவுடன் மைஎஸ்கியூஎல்லுக்கும் ‘+05:30’ என்று மண்டலம் கொடுங்கள். அங்கே ஊர்ப் பெயரைக் கொடுத்தால், மண்டல டேபிள்கள் ஏற்றப்படாத சர்வரில் பிழைதான் வரும். எண்ணாகக் கொடுத்தால் சிக்கல் இல்லை.

பழைய பதிவுகளில்தான் கவனம் தேவை. ‘டைம்ஸ்டாம்ப்’ வகைப் பத்தியில் மைஎஸ்கியூஎல் தானே எழுதிய நேரம், மண்டலத்தை மாற்றியதும் தானாகச் சரியாகும், அதைத் தொடாதீர்கள். ‘டேட்டைம்’ வகை எழுதியதை அப்படியே வைத்திருக்கும். அதில் யூ.டி.சி–யாகக் கிடக்கும் வரிசைகளுக்கு மட்டும் 330 நிமிடம் கூட்டுங்கள். முன்னதாக பேக்கப் எடுங்கள். எந்த வரிசை எண் வரை என்று நிபந்தனையும் போடுங்கள். அதே கட்டளை தவறி இரண்டாம் முறை ஓடினால் 11 மணி நேரம் தள்ளிவிடும்.

எல்லாவற்றையும் யூ.டி.சி–யில் சேமித்து, காட்டும்போது மாற்றுவதே முறை என்பார்கள். பணம் கட்டிய நேரம், பதிவு செய்த நேரம் ஆகியவற்றுக்கு அது சரி. முகூர்த்த நேரத்துக்குச் சரிவராது. அதிகாலை 4.30 முகூர்த்தத்தை உலாவி தன் ஊர் நேரத்துக்கு மாற்றினால், சிங்கப்பூரில் இருக்கும் தாய்மாமனுக்கு 7.00 என்று காட்டும். முகூர்த்தம் மண்டபம் இருக்கும் ஊரின் நேரம். அதை மாற்றாமல், ‘இந்திய நேரம்’ என்ற சொல்லோடு காட்டுங்கள்.

கேள்வி: ஜூலை மாத ரசீதுகள் எல்லாவற்றிலும் நிமிடம் 07 என்றே வருகிறது.
– வாசகி, மதுரை அண்ணாநகர்

பதில்: ஆகஸ்டில் 08 என்று வரும், பாருங்கள்! தேதியை அச்சிடும் வடிவத்தில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு குறி. பி.எச்.பி–யில் சின்ன ‘எம்’ மாதம். நிமிடத்துக்குச் சின்ன ‘ஐ’. ஜாவா என்ற இன்னொரு நிரல்மொழியில் பெரிய ‘எம்’ மாதம், சின்ன ‘எம்’ நிமிடம். ஒன்றிலிருந்து மற்றதற்கு வரி வரியாக நகலெடுத்தால் இப்படித்தான் ஆகும். ஜாவாவில் ஆண்டுக்குச் சின்ன ‘ஒய்’ போடுங்கள். பெரிய ‘ஒய்’ வாரக் கணக்கு ஆண்டு, அதாவது அந்த வாரம் எந்த ஆண்டின் கணக்கில் சேருகிறதோ அந்த ஆண்டு. 2024 டிசம்பர் 31–ஐ 2025 என்று அச்சிட்டுவிடும். ஆண்டின் மற்ற நாட்களில் ஒழுங்காக இருப்பதால் சோதனையில் இது சிக்குவதே இல்லை. கூடவே, சின்ன ‘எச்’ 12 மணிக் கணக்கு. காலை, மாலை என்ற குறி இல்லாமல் அதைப் போட்டால் 4.30 எந்த 4.30 என்று யாருக்கும் தெரியாது.

கேள்வி: 05/04 என்று கொடுத்த தேதி மே 4 ஆகிறது. 13/04 கொடுத்தால் 01–01–1970 வருகிறது.
– வாசகர், மேலூர்

பதில்: எழுத்தில் உள்ள தேதியைப் படிக்கும் பி.எச்.பி–யின் ‘ஸ்ட்ர்-டு-டைம்’ கட்டளை, சாய்கோட்டைக் கண்டால் அமெரிக்க முறை, அதாவது மாதம் முதலில் என்று எடுத்துக்கொள்ளும். நடுவில் சிறுகோடு இருந்து ஆண்டை நான்கு இலக்கத்தில் கொடுத்தால் நம் முறை. 13–ஆம் மாதம் கிடையாதே. அதனால் ‘இல்லை’ என்று திருப்பித் தருகிறது. அந்த ‘இல்லை’ பூஜ்யமாகி, கணினிக் காலக் கணக்கின் தொடக்க நாளைக் காட்டுகிறது. மணியையும் அச்சிட்டால் இந்திய மண்டலத்தில் 5.30 என்று இருக்கும்.

‘கிரியேட் ஃப்ரம் ஃபார்மேட்’ கொண்டு நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையை நீங்களே சொல்லிவிடுங்கள். வடிவத்தின் தொடக்கத்தில் ஆச்சரியக்குறி சேருங்கள். இல்லாவிட்டால் அந்த நொடியின் மணி தேதியோடு ஒட்டிக்கொண்டு, பிறகு தேதிகளை ஒப்பிடும்போது காலை வாரிவிடும். இதிலும் ஒரு பள்ளம் உண்டு. 31/02/2025 கொடுத்தால் மறுக்காது, மார்ச் 3 என்று எடுத்துக்கொள்ளும். கிடைத்த தேதியை அதே வடிவத்தில் திரும்ப அச்சிட்டு, வாடிக்கையாளர் தட்டியதோடு ஒப்பிட்டால் பிடிபடும்.

கேள்வி: எங்கள் டிராவல்ஸில் இரவு 12.30 பஸ்ஸுக்குப் பயணிகள் ஒரு நாள் தாமதமாக வந்து நிற்கிறார்கள். டிக்கெட்டில் ‘திங்கள் 12.30’ என்று தெளிவாகத்தானே இருக்கிறது?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: கணினிக்குத் தெளிவு. நமக்கு விடிந்தால்தானே அடுத்த கிழமை! திங்கள் 12.30 என்றால் திங்கட்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். அவர்கள் வழியிலேயே ‘ஞாயிறு இரவு 12.30, விடிந்தால் திங்கள்’ என்று அச்சிடுங்கள். மணி 0 முதல் 3 வரை இருந்தால், காட்டும் கிழமையில் ஒரு நாள் குறைத்து, ‘விடிந்தால்’ என்ற சொல்லோடு உண்மைக் கிழமையைச் சேர்க்க வேண்டும். பக்கத்திலேயே தேதியையும் ‘ஞாயிறு 5, விடிந்தால் திங்கள் 6’ என்ற மாதிரி போடுங்கள். டேபிளில் உண்மையான தேதிதான் இருக்க வேண்டும். அங்கே கைவைத்தால் பஸ் வரிசையே குலைந்துவிடும்.

தமிழில் கிழமை வர பி.எச்.பி–யின் ‘டேட்’ கட்டளையை நம்பாதீர்கள். அது எப்போதும் ஆங்கிலத்தில்தான் தரும். ஏழு கிழமை, பன்னிரண்டு மாதத்தை ஒரு பட்டியலாக நீங்களே வைத்துக்கொள்வது எளிது.

கேள்வி: காலை 5 மணிக்குப் போகவேண்டிய மல்லிகை விலைப்பட்டியல் 10.30–க்குப் போகிறது.
– வாசகர், சோழவந்தான்

பதில்: குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான் சேவை, சர்வரின் நேரத்தைப் பார்த்து ஓடுகிறது. சர்வர் யூ.டி.சி–யில் இருந்தால் நிமிடம் 30, மணி 23 என்று கொடுங்கள். அது முந்தைய நாள் என்பதால், திங்கள் மட்டும் போகவேண்டிய பட்டியலுக்குக் கிழமை எண் 1 அல்ல, 0. சர்வரின் மண்டலத்தையே மாற்றுவதாக இருந்தால், மாற்றியபின் கிரான் சேவையை நிறுத்தித் தொடங்குங்கள். அதுவரை பழைய மண்டலத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.