கிடார் படம் போட்ட புத்தகமெல்லாம் சுயசரிதை ஆகாது

இந்த முறை முழுக்க ராக் இசைக்காரர்களின் வாழ்க்கைப் புத்தகங்கள்தான். மிக்சி, இன்வெர்ட்டர், கட்டில் மெத்தை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளுங்கள். கடிதங்களை வழக்கம்போல் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணாச்சி, சர்ச் குவயரில் கிடார் வாசிக்கிறேன். ராக் புத்தகம் எதுவும் படித்ததில்லை. இங்கிலீஷ் சுமார்தான். ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
- கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

பதில்: கிடார் வாசிக்கிற பையன் என்பதால் டோனி அயோமியின் 'அயர்ன் மேன்' (2011). பிளாக் சப்பாத் என்ற பேண்டின் கிடார்காரர். பர்மிங்காமில் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்தார், 17 வயது. அந்த வேலையிலிருந்து நிற்க இருந்த கடைசி நாளில் எந்திரத்தில் கை மாட்டி, வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போய்விட்டன. மனுஷன் இடக்கைக்காரர், அதாவது தந்தியை அழுத்துகிற கையே போச்சு. ஆலை மேனேஜர் அவருக்கு ஜாஸ் கிடார்காரர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைப் போட்டுக் காட்டியிருக்கிறார். ஜாங்கோவுக்கும் தீக்காயத்தில் இரண்டு விரல்கள் சரியாக வேலை செய்யாது. அதன் பிறகு அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய தந்தி கட்டி, பிற்பாடு ட்யூனிங்கையும் கீழே இறக்கி வாசித்தார். ஹெவி மெட்டல் என்று நாம் கேட்கிற அந்தக் கனத்த சத்தத்தில் இந்த விரல்களுக்கும் பங்கு உண்டு. மொழி சிரமப்படுத்தாது. இது முடிந்தால் அதே பேண்டின் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் எழுதிய 'ஐ ஆம் ஆஸி'. கிறிஸ் அயர்ஸ் என்ற பத்திரிகைக்காரர் கூட இருந்து எழுதியது. ஆள் எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே இருக்கும். கெட்ட வார்த்தை பக்கத்துக்குப் பக்கம் வரும். குவயர் மாஸ்டர் கண்ணில் படாமல் வைத்துக்கொள்.

கேள்வி: உலகத்திலேயே சிறந்த ராக் புத்தகம் எது?
- திங்கள்சந்தை

பதில்: உங்களுக்கு எந்த பேண்ட் பிடிக்கும் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

கேள்வி: கீத் ரிச்சர்ட்ஸின் 'லைஃப்' ஆன்லைனில் 190 ரூபாய்க்குக் கிடைத்தது. வந்து ஒன்றரை மாதம் அப்படியே வைத்திருந்து இப்போதுதான் பிரித்தேன். தாள் சாணித்தாள் மாதிரி இருக்கிறது, நடுவில் பக்கங்கள் இல்லை, போட்டோ எல்லாம் கறுப்பு மசி. திருப்பி அனுப்பும் நாள் முடிந்துவிட்டது என்கிறான் விற்றவன்.
- வெட்டூர்ணிமடம்

பதில்: 500 பக்கத்துக்கு மேல் உள்ள புத்தகம் 190 ரூபாய்க்கு எப்படி வரும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். அது கிடக்கட்டும், வந்த பார்சலை ஒன்றரை மாதம் பிரிக்காமல் வைப்பது என்ன பழக்கம்? மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வருவீர்களா?

திட்டியாகிவிட்டது, இனி விஷயத்துக்கு வருவோம். உங்களிடம் விற்றது கள்ளப் பதிப்பு. 7 நாள், 10 நாள் என்பது கடைக்காரர் போட்டுக்கொண்ட கணக்கு. 2020ல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, போலிப் பொருளையோ குறையுள்ள பொருளையோ திருப்பி எடுக்க மாட்டேன் என்று விற்றவர் சொல்ல முடியாது. அந்த ஆன்லைன் கடையின் குறைதீர் அலுவலர் பெயர் அவர்கள் தளத்திலேயே இருக்க வேண்டும். பக்கம் விட்டுப்போன இடம், மங்கிய படங்கள், பின்னட்டை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அவருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று பதில் தரவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடுங்கள். அதற்கும் மசியவில்லையா, நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவன் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்ச ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷ அவகாசம் உண்டு. 190 ரூபாய்க்கு இதெல்லாம் வேண்டுமா என்று வீட்டில் கேட்பார்கள். வேண்டும். உங்களைப் போல எல்லாரும் 'போனது போகட்டும்' என்று விடுவதில்தான் அவன் பிழைப்பே ஓடுகிறது.

பணம் திரும்பி வந்தால் நல்ல பிரதியாகவே வாங்குங்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் பேண்டின் கிடார்காரர் கீத் சொல்லச் சொல்ல ஜேம்ஸ் ஃபாக்ஸ் சேர்ந்து எழுதிய புத்தகம், 2010ல் வந்தது. கடைசித் தந்தியைக் கழற்றிவிட்டு ஐந்தே தந்தியில் ஓப்பன் ஜி ட்யூனிங்கில் வாசிக்கப் பழகியதைப் பற்றி அவர் சொல்கிற இடம் ஒன்றுக்காகவே முழு விலை கொடுக்கலாம். போதைக் கதைகளும் நிறைய உண்டு, ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்த ஐந்து தந்திதான்.

கேள்வி: பாப் டிலனின் சுயசரிதை இரண்டாம் பாகம் வரவழைத்துத் தருவதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
- குளச்சல்

பதில்: முதல் பாகம் 'கிரானிக்கிள்ஸ்' 2004ல் வந்தது. டிலனுக்கு 2016ல் நோபல் பரிசே வந்துவிட்டது, இரண்டாம் பாகம் வரவில்லை. கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஃபிரெடி மெர்குரியின் ஆட்டோபயோகிராஃபி என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். 74 பக்கம். எழுத்து சின்னப்பிள்ளைப் பாடப்புத்தகம் போலப் பெரிசு. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. மனசு விட்டுப் போச்சு.
- தக்கலை

பதில்: உங்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. இது சுத்தமான ஏமாற்று. குவீன் பேண்டின் பாடகர் ஃபிரெடி மெர்குரி சுயசரிதை எழுதியதே கிடையாது. 1991ல் 45 வயதில் இறந்துபோனார். பேட்டிகளிலிருந்து அவர் சொன்னதைத் திரட்டி மற்றவர்கள் போட்ட தொகுப்பு உண்டு, பத்திரிகைக்காரர்கள் எழுதிய வரலாறுகள் உண்டு. தானே உட்கார்ந்து எழுதியது கிடையாது.

இந்த ரகப் புத்தகங்களைப் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன், நீங்கள் எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். ஒரு பெரிய பாடகர் கண்ணை மூடினால் போதும், அந்த வாரமே அவர் 'முழு வாழ்க்கை வரலாறு' ஆன்லைன் கடைகளில் முளைக்கிறது. ஒரு வாரத்தில் யார் யாரைப் பேட்டி கண்டு எழுதியிருக்க முடியும்? இணையத்தில் இலவசமாகக் கிடப்பதை அள்ளி, இப்போது கம்ப்யூட்டரே எழுதியும் கொடுத்துவிடுகிறது, அட்டையில் ஒரு படம் போட்டு, ஆர்டர் வந்தால் மட்டும் ஒரு பிரதி அச்சடித்து அனுப்புகிறார்கள். இன்னொரு ரகம் இருக்கிறது. பிரபலமான புத்தகத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, 'சுருக்கம்' என்ற வார்த்தையை மட்டும் எறும்பு அளவில் ஒரு மூலையில் வைப்பது. நானும் கிடார்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் முழு வரலாறு என்று ஒன்றை வாங்கினேன். வந்தது பள்ளிக்கூடத்து நோட்டு மாதிரி ஒன்று. யாரப்பா இந்த ஆசிரியர் என்று பெயரைத் தேடினால், அதே ஆள் சர்க்கரை நோய்க்காரர் சமையலும் நாய் வளர்ப்பும் எழுதியிருக்கிறார், எல்லாம் ஒரே வருஷத்தில். சார்லஸ் ஆர். கிராஸ் எழுதிய 'ரூம் ஃபுல் ஆஃப் மிரர்ஸ்' (2005) என்று நல்ல ஹெண்ட்ரிக்ஸ் வரலாறு ஒன்று இருக்கிறது. அதை அப்புறம்தான் வாங்கினேன். இரண்டு செலவு.

ஆகவே காசு கட்டுமுன் பக்க எண்ணிக்கையைப் பாருங்கள். 100க்குக் கீழே இருந்தால் சந்தேகப்படுங்கள். பதிப்பகம் என்ற இடத்தில் 'இண்டிபெண்டன்ட்லி பப்ளிஷ்டு' என்று இருந்தால், எழுதியவர் யார், இதற்கு முன் என்ன எழுதினார் என்று தேடுங்கள். சொந்தமாகப் போடுகிறவர்களில் நல்லவர்களும் உண்டு, ஆனால் தேடாமல் வாங்காதீர்கள். அவசரமும் வேண்டாம். ஆஸி ஆஸ்பர்ன் 2025 ஜூலை 22ல் இறந்தார். பொறுத்திருந்தவர்களுக்கு அக்டோபரில் அவருடைய சொந்தப் புத்தகமான 'லாஸ்ட் ரைட்ஸ்' கைக்கு வந்தது.

உங்கள் விஷயத்தில் 'ஆட்டோபயோகிராஃபி' என்று அவர்கள் போட்ட பக்கத்தை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கு மாற்றிவிடுவார்கள். சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றாலும் மேலே வெட்டூர்ணிமடத்துக்காரருக்குச் சொன்ன அதே விதி பொருந்தும். கடைசியில் ஒரு ஆறுதல்: ஃபிரெடி நம் பக்கத்துக்காரர். ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாரில் ஒரு பார்சி வீட்டில் பிறந்த ஃபரூக் புல்சாரா. மகாராஷ்டிரத்தின் பஞ்சகனியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர். முதல் பேண்ட் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான். அந்தக் காலத்தைப் பற்றி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே ஒரு மெர்குரி புத்தகத்தின் தரம் தெரிந்துவிடும்.

கேள்வி: மகள் பிறந்தநாளுக்கு ஒரு ராக் புத்தகம் கேட்கிறாள். குடி, போதை இல்லாத புத்தகமாகச் சொல்லுங்கள்.
- ஒரு தகப்பனார், கருங்கல்

பதில்: நீங்கள் கேட்பது முள் இல்லாத அயிலைக்குழம்பு. இருந்தாலும் கிட்டத்தட்ட ஒன்று உண்டு. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் டு ரன்' (2016). கத்தோலிக்க வீட்டுப் பையன், வீட்டுக்குப் பக்கத்திலேயே கோயில், கல்யாணமும் சாவும் பார்த்தே வளர்ந்தவர். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படாது. பேசாத தகப்பனாரைப் பற்றியும், பேரும் பணமும் வந்தபிறகும் தன்னைப் பிடித்த மனச்சோர்வைப் பற்றியும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். முதலில் நீங்கள் படியுங்கள், அப்புறம் மகளுக்குக் கொடுங்கள். மகளுக்கு எழுதுகிற ஆசையும் உண்டென்றால் பேட்டி ஸ்மித்தின் 'ஜஸ்ட் கிட்ஸ்'. 2010ல் அமெரிக்காவின் நேஷனல் புக் அவார்டு வாங்கியது. 1967ல் கையில் காசில்லாமல் நியூயார்க் வந்து, புத்தகக் கடையில் வேலை செய்து, ராபர்ட் மேப்பிள்தார்ப் என்ற நண்பரோடு கலைஞராக முயன்ற கதை. இதில் போதையும் நோயும் வரும், ஆனால் பெருமை பேசுவதற்காக வராது. காலேஜ் படிக்கிற பெண் தாங்குவாள்.

கேள்வி: பீட்டில்ஸ் ரிஷிகேஷ் வந்ததைப் படிக்க ஆசை. மார்க் லூயிசனின் பெரிய புத்தகத்தை வாங்கவா? விலை பயமுறுத்துகிறது.
- ஓய்வுபெற்ற ஆசிரியர், குலசேகரம்

பதில்: வேண்டாம் சார். அதன் முதல் பாகமான 'டியூன் இன்' (2013) அருமையான உழைப்புதான், ஆனால் 1962 கடைசியோடு நின்றுவிடுகிறது. அவர்கள் ரிஷிகேஷ் வந்தது 1968. அடுத்த பாகத்துக்கு ஆட்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். ஹண்டர் டேவிஸ் அவர்கள் கூடவே இருந்து எழுதிய வரலாறும் 1968ல் வந்ததுதான். பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைத்தால் எடுங்கள். அப்புறம், உங்கள் ஊர் மழைக்குக் கண்ணாடி அலமாரியைப் பூட்டியே வைத்தால் புத்தகம் பூசணம் பிடிக்கும். வெயில் அடிக்கிற நாளில் திறந்துவிடுங்கள்.

கேள்வி: நிர்வாணா பேண்டின் பாடகர் கர்ட் கோபேன் பற்றிய 'ஹெவியர் தேன் ஹெவன்' முழுக்க உண்மையா?
- பார்வதிபுரம்

பதில்: நன்றாக விசாரித்து எழுதிய புத்தகம். ஆனால் கடைசி மணி நேரங்களில் அவர் தனியாக என்ன செய்தார் என்பதைக் கூடவே இருந்தவர் போல எழுதியிருப்பது எனக்கு ஒப்பவில்லை. அங்கே யாரும் இல்லை. மைக்கேல் அசராடின் 'கம் ஆஸ் யூ ஆர்' 1993ல், கோபேன் உயிரோடிருந்தபோதே அவரிடம் பேசி எழுதியது. அந்தப் பேச்சில் எங்கெல்லாம் தன்னை நம்பவைத்தார்கள் என்று அசராடே குறிப்பெழுதிச் சேர்த்த விரிவான பதிப்பு 2023ல் வந்திருக்கிறது. வாங்கினால் அதை வாங்குங்கள்.

கேள்வி: பழைய புத்தகம் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டி விற்கிறார்கள். பிரித்துப் பார்க்க விடமாட்டேன் என்கிறார்கள்.
- கோட்டாறு

பதில்: பிரிக்க விடாத கடையில் வாங்காதீர்கள். எரிக் கிளாப்டன் சுயசரிதையை அப்படி ஒட்டிய உறையோடு வாங்கி வந்தேன், ஒரு ஃபாரம், அதாவது சேர்த்து மடித்த பக்கக் கட்டு, இரண்டு தடவை இருந்தது, அடுத்த ஃபாரத்தைக் காணோம். அவர் மதுவை விடுகிற இடம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

கேள்வி: நம் நாட்டு ராக் பற்றி ஏதாவது உண்டா?
- அருமனை

பதில்: சித்தார்த் பாட்டியாவின் 'இந்தியா சைக்கடெலிக்' (2014), 60களிலும் 70களிலும் நம் நகரங்களில் பேண்ட் வைத்திருந்த பையன்கள் கதை. கோவாவின் ரெமோ ஃபெர்னாண்டஸ் சுயசரிதை 2021ல் வந்தது. இரண்டும் இந்தியப் பதிப்பு என்பதால் விலை கையைக் கடிக்காது.

கேள்வி: பிங்க் ஃபிலாய்டின் நிக் மேசன் எழுதிய 'இன்சைட் அவுட்' வரவழைத்துத் தருவதாக ஒரு கடைக்காரர் 800 ரூபாய் முன்பணம் வாங்கி நாலு மாதம் ஆகிறது. போனால் அடுத்த வாரம் என்கிறார். பில் தரவில்லை. நான் பேன்சி கடையில் வேலை பார்க்கிறேன், எனக்கு அது பெரிய தொகை அண்ணா.
- வடசேரி

பதில்: தங்கச்சி, உன் மேல் ஒரு தப்பும் இல்லை. பில் இல்லாவிட்டால் என்ன, போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவே சாட்சி. கையில் கொடுத்திருந்தால், "நான் கொடுத்த 800 ரூபாய்க்குப் புத்தகம் எப்போது வரும்" என்று அவருக்கு வாட்ஸப்பில் கேள். "அடுத்த வாரம்" என்று பதில் போட்டாரானால் அதுவும் சாட்சிதான். பிறகு 15 நாள் கெடு வைத்து ஒரு கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பு, ரசீதைப் பத்திரமாக வை. கெடு தாண்டினால் 1915, அதற்கும் பிறகு ஆணையம். புத்தகம் நல்ல புத்தகம்தான். பேண்டில் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை இருந்த ஒரே ஆள் எழுதியது, நகைச்சுவையும் உண்டு. ஆனால் இப்போது புத்தகம் வேண்டாம், பணத்தையே திருப்பிக் கேள். கடையின் பெயரையும் போன் நம்பரையும் எனக்குத் தனியாக அனுப்பு, நானும் ஒரு போன் போட்டுக் கேட்கிறேன்.