ஹெலிகாப்டர் விமானியாவது எப்படி? சேலம் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

(கடற்படையில் ஹெலிகாப்டர் பராமரிப்புப் பணியில் இருந்து ஓய்வுபெற்று, சேலத்தில் வசிக்கும் ஒருவர் பதிலளிக்கிறார்.)

கேள்வி (ஓமலூர், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்): ஹெலிகாப்டர் ஓட்ட வேண்டும் என்பது சிறுவயது ஆசை. எந்தப் பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டலாம் ஐயா?

பதில்: பணம் கட்டுவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. டிஜிசிஏ எனப்படும் மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி முதலில் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றும், பிறகு முதல் வகுப்புச் சான்றும் பெற வேண்டும். கண்ணாடி அணிவது தடையல்ல. நிறங்களைப் பிரித்தறிவதில் பெருங்குறை இருந்தால் வணிக விமானி உரிமம் கைகூடுவது கடினம். இது தெரியாமல் முன்பணம் கட்டிவிட்டுத் தவிக்கும் பெற்றோர் உண்டு. உடல்தகுதி உறுதியான பிறகே வான்வழி அறிதல் (நேவிகேஷன்), வானிலை, விமானச் சட்டம், தொழில்நுட்பம் ஆகிய தேர்வுகளும் 150 மணி நேரப் பறப்பும்.

கேள்வி (அம்மாபேட்டை, ஒரு தந்தை): வீட்டை அடமானம் வைத்து மகனை வெளிநாட்டில் பயிற்சிக்கு அனுப்பலாமா? வேலை கிடைக்குமா?

பதில்: என் கருத்து, வேண்டாம். கேதார்நாத் யாத்திரைக்கும், மும்பைக்கு அப்பால் கடலில் உள்ள எண்ணெய்த் தளங்களுக்கும் பறக்கும் நிறுவனங்கள் எத்தனை மணி நேரம் பறந்த அனுபவம் உண்டு என்பதைத்தான் முதலில் பார்க்கின்றன. படைகளில் பல ஆண்டுகள் பறந்து ஓய்வுபெற்றவர்களோடு போட்டியிடும்போது, புதிதாக உரிமம் பெற்றவரின் 150 மணி நேரம் எடுபடுவதில்லை. கடன் வட்டியோ காத்திருக்காது. படைகளில் சேர்ந்தால் பயிற்சிச் செலவை அரசே ஏற்கிறது. பள்ளி முடிக்கும்போது என்டிஏ (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு எழுதலாம். பட்டம் பெற்றபின் 20 முதல் 24 வயதுக்குள் விமானப்படை அதிகாரிகளுக்கான ஏஎப்கேட் தேர்வு எழுதலாம். கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி நம் அரக்கோணத்திலேயே, ஐஎன்எஸ் ராஜாளி தளத்தில் இருக்கிறது.

கேள்வி (ஏற்காடு, காப்பித் தோட்டக்காரர்): சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குத் தினசரி ஹெலிகாப்டர் விட்டால் என்ன? சில நிமிட தூரம்தானே?

பதில்: தூரம் சிக்கலே அல்ல, உயரமும் மேகமும்தான் சிக்கல். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்றின் அடர்த்தி சேலத்தைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. வெயில் நாளில் இன்னும் குறையும். மேலே சுழலும் இறக்கைகளுக்குக் காற்றில் பிடிமானம் குறைவதால் பயணிகளையோ எரிபொருளையோ குறைக்க நேரிடும். தரைக்கு அருகே மிதக்கும்போது, கீழ்நோக்கித் தள்ளப்படும் காற்றுக்குத் தரை தடையாக நிற்பதால் குறைந்த சக்தியே போதும். ஆனால் பகோடா பாயிண்ட் போன்ற விளிம்பைத் தாண்டியதும் தரை சட்டென விலகி, அந்த ஆதாயம் அதே நொடியில் மறைந்துவிடும். இருப்பு சக்தி இல்லாத எந்திரம் அங்கே இறங்கத் தொடங்கும்.

மேகம் இதைவிட ஆபத்தானது. பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் பனிமூட்டம் லேடீஸ் சீட்டை எவ்வளவு விரைவில் மறைக்கிறது என்பதைத் தாங்களே பார்த்திருப்பீர்கள். 8.12.2021 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குச் சென்ற விமானப்படையின் எம்ஐ-17 வி5 குன்னூர் அருகே விழுந்ததற்கு, வானிலை எதிர்பாராமல் மாறியதால் மேகத்துக்குள் புகுந்து, எது மேல், எது கீழ் என்ற இடநிலை உணர்வு விமானிக்குத் தடுமாறியதே காரணம் என்று முப்படை விசாரணை தெரிவித்தது. அனுபவம் மிக்க படை விமானிக்கே அப்படியென்றால், நேர அட்டவணை போட்டு மலைக்கு ஆள் ஏற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன். வானம் தெளிந்த நாளில் அவசர சிகிச்சைக்காகப் பறப்பது வேறு விஷயம்.

கேள்வி (அழகாபுரம், கல்லூரி மாணவி): பெண்களுக்கு இத்துறையில் இடம் உண்டா?

பதில்: தாராளமாக உண்டு, அம்மா. 2022 மே மாதம் அபிலாஷா பராக் தரைப்படை வான்பிரிவின் முதல் பெண் போர் விமானியானார். அதே ஆண்டிலிருந்து என்டிஏ பயிற்சியிலும் பெண்கள் சேர்கிறார்கள்.

கேள்வி (மேட்டூர், பிளஸ் டூ முடித்தவர்): எனக்குப் பறப்பதைவிட எந்திரத்தைக் கழற்றிப் பூட்டுவதில்தான் ஆர்வம். வழி உண்டா?

பதில்: உண்டு, விமானி வேலையைவிட இதில் செலவும் குறைவு. விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்தில் டர்பைன் ஹெலிகாப்டருக்கு பி1.3, பிஸ்டன் ஹெலிகாப்டருக்கு பி1.4 என்று தனிப் பிரிவுகள் உள்ளன. பல கல்லூரிகள் விமானத்துக்கான பி1.1 பிரிவை மட்டுமே நடத்துகின்றன. ஆகவே விளம்பரத்தில் ஹெலிகாப்டர் படத்தைப் பார்த்து ஏமாறாமல், அந்தக் கல்லூரிக்கு பி1.3 பிரிவுக்கே அங்கீகாரம் உள்ளதா என்பதை டிஜிசிஏ பட்டியலில் சரிபார்த்துவிட்டுச் சேருங்கள்.