இரண்டுக்கும் ஆமாம் என்றவர்கள்

அன்புள்ள ஐயா,

மத உளவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஒருவர் எந்த நோக்கத்தோடு மதத்தை நாடுகிறார் என்று அளக்க ஆல்போர்ட், ராஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1967இல் வெளியிட்ட 20 வாக்கியக் கேள்வித்தாளைத் தமிழாக்கி, மூன்று மதத்தவரிடம் கொடுத்து, யாருக்கு உள்ளார்ந்த பக்தி அதிகம் என்று ஒப்பிடப்போகிறேன். மதத்துக்கு எத்தனை பேர் வேண்டும்? ஒவ்வொரு வாக்கியத்தையும் எவ்வளவு ஏற்கிறார்கள் என்று குறிக்க ஐந்து புள்ளி அளவுகோலா, ஏழா?

ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள தங்கைக்கு,

எத்தனை பேர், எத்தனை புள்ளி என்பதையெல்லாம் உங்கள் நெறியாளரே சொல்லிவிடுவார். அதை விடுங்கள். ‘யாருக்கு அதிகம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம்தான் வந்தது. ஒரு வாக்கியத்தை மூன்று மதத்தவரும் ஒரே பொருளில்தான் எடுத்துக்கொள்கிறார்களா என்று பார்க்காமல் சராசரிகளை வரிசைப்படுத்துவது ஆய்வே இல்லை. அதைச் சோதிக்கும் முறைகள் உங்கள் துறையிலேயே இருக்கின்றன. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அமெரிக்காவில் தேவாலயத்துக்குப் போகும் கிறிஸ்தவர்களிடம் கேட்டுப் பார்த்த தாள் அது. நம்பிக்கையை நம்பிக்கைக்காகவே வாழ்வது, அதாவது நீங்கள் சொல்லும் உள்ளார்ந்த பக்தி, ஒரு பக்கம். ஆறுதலுக்கும் உறவுக்கும் மரியாதைக்கும் மதத்தை நாடுவது மறுபக்கம். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் பலர் இரண்டுக்கும் ஆமாம் என்றார்கள். மதம் என்றால் எதற்கும் தலையாட்டுகிறவர்கள் என்று பொருள்படும் பெயர் வைத்து அவர்களைத் தனியே ஒதுக்கினார்கள். பிரித்துப் பார்க்கத் தெரியாத சிந்தனை என்று விளக்கமும் சொன்னார்கள்.

என்னை வெகுநாளாக உறுத்துவது இந்த இடம்தான். கூடி வழிபடுவதே வழிபாடு என்று வளர்ந்த ஒருவர், மனிதர்களுக்காகப் போகிறாரா, கடவுளுக்காகப் போகிறாரா என்று எதை வைத்துப் பிரிப்பீர்கள்? தனிமனித நோக்கத்தை உசத்தி, சமூக நோக்கத்தைத் தாழ்த்துவது புராட்டஸ்டண்ட் பார்வை, யூதர்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் சடங்கும் சமூகமும் மதத்தின் நடுவிலேயே இருக்கின்றன என்று 2005இல் உளவியலாளர் ஆடம் கோஹனும் உடன் ஆய்வாளர்களும் வாதிட்டார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஒரு பாட்டியின் முகம் நினைவுக்கு வந்தது.

இளம் வயதில் நண்பர் ஒருவரின் ஆய்வுக்காக இப்படியொரு தாளோடு வீடு வீடாகப் போனேன். அந்தப் பாட்டி மகனைப் பறிகொடுத்தவர். மன நிம்மதிக்காகப் பிரார்த்திக்கிறீர்களா என்றேன். ஆமாம் என்றார். கடவுளோடு இருப்பதற்காகப் பிரார்த்திக்கிறீர்களா என்றேன். அதற்கும் ஆமாம். “ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க பாட்டி” என்று நெருக்கினேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ரெண்டும் வேற வேறயாப்பா?” என்று கேட்டார்.

மொழிபெயர்ப்பை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள் அம்மா. ஒவ்வொரு மதத்திலும் பத்துப் பேரிடம் போய், எதற்காகப் பிரார்த்திக்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பாட்டி கேட்டதை நான் எழுதிக்கொள்ளவில்லை. தாளில் அதற்கு இடமில்லை என்று நடுக் கட்டத்தில் குறி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.